பக்கக் கதவும் இறுதிப் பாடலும்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும், அக்காவும், உங்கள் இடது முழங்காலும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் நலம். உங்கள் தங்கைக்கு மட்டும் ஒரு மாதமாக ஒரு மாதிரியான இருமல். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வருகிறது, மற்ற ஆறு நாளும் சுத்தமாக இல்லை. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் அவளிடம் பேசும்போது, "உன் வீட்டுக்காரர் கோயில்ல டிரம்ஸ் முன்னாடி பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னாராமே" என்று கேட்டுச் சிரித்தது அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது. உண்மை என்னவென்று நீங்கள் என்னிடமே கேட்டிருக்கலாம். போனில் சொல்லலாம் என்றால் என் கைபேசி எந்நேரமும் உங்கள் தங்கையின் கையில்தான் இருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி, நிமிடக் கணக்கோடு இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடவும்.

நான் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கண்டக்டர்கள் எனக்குப் 'பெரிய முள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் நான் அறையை விட்டு வெளியே தலையை நீட்டினால் போதும், "பெரிய முள் நகருதுடா, வண்டிய எடு" என்று எவனாவது சொல்வது காதில் விழும். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி, எட்டு மணிக்கு. பூசை ஏழு மணிக்கு. ஏழு நாற்பத்தொன்றுக்கு நற்கருணை, ஏழு நாற்பத்து நாலுக்குப் பக்கக் கதவு, ஏழு ஐம்பத்தெட்டுக்கு டிப்போ. இதற்கு அப்போதிருந்த சாமியாரிடம் முறையாகக் கேட்டு அனுமதி வாங்கினேன். அவருக்குப் பிறகு மூன்று சாமியார்கள் மாறிவிட்டார்கள், நானும் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது, ஆனால் கொடுத்த அனுமதியை யாரும் ரத்து செய்யவில்லை. எனவே இருபத்தெட்டு வருடமாக அதே ஏழு நாற்பத்து நாலு. வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால், செய்தித்தாள் படிக்கிறேன்.

பக்கக் கதவு என்றால் நான் ஒருத்தன் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் போவார், எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்பது அவர் நியாயம். எனக்குப் பின்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, கூட்டம் கலையும்போது மூச்சு முட்டும் என்பது அவர் நியாயம். அவருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவர் நியாயத்தை நான் விசாரித்ததில்லை. அதற்குப் பின்னால் ஒரு பத்துப் பதினைந்து பேர். நாங்கள் பேசிக்கொள்வதில்லை, முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்வதில்லை. தலை குனிந்து, கை கூப்பி, ஜெபத்தில் மூழ்கினவர்களாக ஓரமாக நகர்ந்து, நிலைப்படியைத் தாண்டியதும் கையை இறக்கிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கலைந்துவிடுவோம். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது, முழங்காலுக்குக் காற்றாட நடப்பது நல்லது என்று சொல்லி உங்களையும் நான் அழைத்துப்போனது நினைவிருக்கும். அந்தக் கதவு கிறீச்சென்று காட்டிக்கொடுக்காமல் இருக்க மாதாமாதம் அதன் கீலுக்கு எண்ணெய் போடுவது யார் என்று கோயிலில் ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நான்தான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதுப் பாட்டுக் குழு வந்தது. பழைய குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார், பாடினவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டை போய்விட்டது, மீதிப் பேர் ஆளுக்கொரு வேகத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். சாமியார் பார்த்தார், இந்தக் காலத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு குழுவை ஆரம்பித்துவிட்டார். கீபோர்டுக்கு வங்கியில் வேலை செய்யும் பையன், கித்தாருக்கு எங்கள் தெருத் தபால்காரர், பாட ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு பேர். டிரம்ஸுக்கு உங்கள் மருமகள்.

ஆமாம் மச்சான், நம் வீட்டுப் பெண்தான். அவளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தொன்பது வயது, பல் கட்டும் ஆய்வுக்கூடத்தில் வேலை, நாளெல்லாம் மெழுகிலும் பிளாஸ்டரிலும் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டு இருப்பவள். கேட்டால் பதில், அதுவும் பாதிதான் வெளியே வரும். அப்படிப்பட்டவள் வேலை முடிந்து தினமும் ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்துக்குப் போய், அங்கே தூசி படிந்து கிடந்த டிரம்ஸைத் துடைத்து வைத்துத் தானாகவே இரண்டு வருடம் பழகியிருக்கிறாள். வீட்டில் தலையணையை அடிப்பாள். வேலைக் கோபத்தைத் தலையணையிடம் காட்டுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலையணை பஞ்சாகிப்போனது.

சாமியார் ஒரு நிபந்தனை வைத்தார். பூசைக்கு நடுவில் டிரம்ஸ் வேண்டாம், இறுதிப் பாடலில் மட்டும் வாசிக்கலாம். ஒரு மாதம் பார்ப்போம், கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை சம்மதித்தால் தொடரலாம், இல்லையென்றால் டிரம்ஸ் பழையபடி மண்டபத்துக்குப் போய்விடும். இதை வீட்டில் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்து, "இது நடக்கலன்னா நான் இனிமே குச்சியத் தொடமாட்டேன்ப்பா. மறுபடியும் ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் கெஞ்ச எனக்குத் தெம்பில்ல" என்றாள். இந்த வருடத்தில் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. கொஞ்சம் பொறுத்து, "நீங்க இருப்பீங்கல்ல?" என்று கேட்டாள். இல்லாம எங்கம்மா போகப்போறேன் என்றேன். பேரவையின் செயலாளரும் நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஞாயிறு கடைசிவரை இருக்க வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் கால் என்று ஒன்று இருக்கிறதே. நற்கருணை வாங்கினேன், கை கூப்பினேன், அடுத்து எனக்கு நினைவு வரும்போது பக்கக் கதவுக்கு வெளியே சந்தில் நிற்கிறேன், மணி ஏழு நாற்பத்து நாலு. திரும்ப உள்ளே போகலாம் என்றால் எதிரே தலைமையாசிரியை அம்மா வந்துகொண்டிருக்கிறார், அவருக்குப் பின்னால் முழு வரிசை. வெளியே வருகிறவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போனால் அத்தனை பேருக்கும் சங்கடம். சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்துவிட்டேன்.

எட்டேகாலுக்குத் தாயும் மகளும் வந்தார்கள். மகள் முகம் என்னவோ போல இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, இன்னைக்கு வந்து..." என்று ஆரம்பித்தாள். நான் இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பேச்சை முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அடடா, பிரமாதம்மா."

"எதுப்பா?"

"உன் டிரம்ஸ்தான். கூரை அதிர்ந்துபோச்சு. அதுலயும் நடுவுல ஒரு இடத்துல படபடன்னு இறங்குச்சு பாரு, எனக்கு அப்படியே புல்லரிச்சுப்போச்சு."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உங்கள் தங்கை கையிலிருந்த பையை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு இருமிக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள். இருமல் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

"எந்த இடம்ப்பா?" என்றாள் மகள்.

"அதான்மா, மூணாவது சரணத்துக்கு முன்னாடி."

"ஓ," என்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

இரண்டாவது ஞாயிறு முன்னெச்சரிக்கையாக பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்தேன், இரண்டு பக்கமும் பெரிய பெரிய குடும்பம், எழுந்தாலும் நகர முடியாது. நற்கருணை வாங்கி நல்லபடியாகத் திரும்பி வந்து முழந்தாளிட்டும் விட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்த மனிதர் வருடக்கணக்காக நான் எழுந்து போவதைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொள்கிறவர். அவர் என் முழங்காலைத் தட்டி, "சார், நாப்பத்து நாலு ஆச்சு" என்றார். அந்தப் பெஞ்சு முழுவதும் கால்களை ஒடுக்கி வழிவிட்டுவிட்டது. இத்தனை பேர் மரியாதையாக வழிவிடும்போது உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும். மூன்றாவது ஞாயிறு எந்தச் சாக்கும் இல்லை. போய்விட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் மகள் வந்து எதிரே உட்கார்ந்து, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்பாள். இரண்டாவது வாரம், "போன வாரத்த விட லேசா வேகம்" என்றேன். "வேகமா இருந்துச்சா?" என்று வெகு கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம், வெறும் பாராட்டாகவே சொல்லிக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும் என்று, "இன்னைக்கு நீ கொஞ்சம் அடக்கி வாசிச்ச மாதிரி இருந்துச்சும்மா" என்றேன். "ஆமாப்பா, ரொம்ப அடக்கித்தான் வாசிச்சேன்" என்றாள். அடுக்களையில் பாத்திரம் விழுந்தது, கூடவே இருமல்.

அந்த வாரம்தான் தலைமையாசிரியை அம்மா டிரம்ஸ் மேல் புகார் கொடுத்தார். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மண்டபத்தின் பக்கத்து அறையில் பேரவை கூடியது. நான் குறிப்பேட்டைத் திறந்து வந்திருந்தவர்கள் பட்டியலை எழுதப்போகிறேன். தலைமையாசிரியை அம்மா. மருந்துக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். செயலாளர், அதாவது நான். எழுதி முடித்து நிமிர்ந்து மேசையைச் சுற்றிப் பார்க்கிறேன் மச்சான், சாமியாரைத் தவிர மொத்தப் பேரவையும் பக்கக் கதவு. இறுதிப் பாடலை விசாரிக்க வந்த ஒருத்தரும் இறுதிப் பாடலைக் கேட்டதில்லை. அது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், ஆனால் யார் வாயைத் திறந்தாலும் எல்லாரும் மாட்டிக்கொள்வோம்.

"ஃபாதர், அந்தக் கடைசிப் பாட்டுல சத்தம் தாங்கல. மூணு வாரமா எனக்குக் காது ரெண்டும் அடைச்சே கெடக்கு," என்றார் தலைமையாசிரியை அம்மா.

"திங்கக்கிழமை காலைல தலைவலி மாத்திரை கேட்டு வர்ற கூட்டம் இருக்கே, நான் ஒன்னும் சொல்றதுக்கில்ல ஃபாதர்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் கடையில ஷெல்ஃப்ல இருக்கற கண்ணாடியெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது," என்றார் மூன்றாமவர். கடை கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கடையில் எப்படி இருந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது, கேட்கவில்லை.

சாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எந்த வாரம் ரொம்ப அதிகம்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் இரண்டாவது வாரம் என்றார்கள். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து வெகுநேரம் குடித்தார், பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டு இருமல் அவருக்கும் தொற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளதைச் சொல்ல முடியாது, மகளை விட்டுக்கொடுக்கவும் முடியாது. "ஃபாதர், என் பொண்ணுங்கறதுக்காகச் சொல்லல. காதுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு" என்றேன்.

"அப்பா அப்படித்தானே சொல்லுவீங்க," என்றார் தலைமையாசிரியை அம்மா. "அந்த நேரத்துல நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"உங்களுக்கு முன்னாடிதான்மா."

அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். கூட்டம் முடிகிறவரை அது கிடைக்கவில்லை.

கடைசியில் இரண்டு தீர்மானம் நிறைவேறியது. ஒன்று, வருகிற ஞாயிறு பேரவை முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்து இறுதிப் பாடலைக் கேட்டுவிட்டு, அங்கேயே டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டும். இது சாமியார் கொண்டுவந்தது. இரண்டு, டிரம்ஸைப் பீடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, கோடி மூலையில் வைக்க வேண்டும். இது தலைமையாசிரியை அம்மா கொண்டுவந்தது. சத்தம் குறைந்தால் சரி என்று எல்லாரும் கை தூக்கினோம், நானும் தூக்கினேன், நானே குறிப்பேட்டில் எழுதினேன். வெளியே வந்து வாசல் கேட்டைப் பிடித்ததும் மருந்துக்கடைக்காரர் நின்றுவிட்டார்.

"சார், அந்தக் கோடி மூலைல..."

"ஆமா," என்றேன்.

"அங்கதானே நம்ம..."

"ஆமா."

இருபத்தெட்டு வருடத்தில் பக்கக் கதவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மகளுக்குக் கனமாக ஒரு பார்சல் வந்தது, ஏதோ இரும்புச் சாமான். ஆய்வுக்கூடத்துக்காக இருக்கும் என்று நான் கண்டுகொள்ளவில்லை. சாப்பிடும்போது, "நாளைக்குப் பேரவை முழுசும் முன்வரிசையாமேப்பா" என்றாள். நானும்தான்மா இருப்பேன் என்றேன். "நீங்கதான் எப்பவும் இருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். உடனே எனக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது மச்சான். பத்து வயதில் இவளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு கோப்பை கொடுத்தார்கள். கடைசிப் பரிசு அதுதான். கூட்டம் கிளம்புவதற்கு முன்னால் ஸ்கூட்டரை வெளியே எடுத்துவிடலாம் என்று நான் அதற்குள் கேட்டுக்கு வந்துவிட்டேன். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "பாத்தீங்களாப்பா?" என்றாள். பாத்தேன்மா என்றேன். கல்யாண வீடோ பட்டமளிப்பு விழாவோ, எதையும் நான் முடிவு வரை உட்கார்ந்து பார்த்தவன் கிடையாது. அன்று ராத்திரி அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. முன்வரிசையில் நாங்கள் நால்வர். கோடி மூலையில், பக்கக் கதவை முதுகோடு அடைத்துக்கொண்டு டிரம்ஸ், அதற்குப் பின்னால் முக்காலியில் உங்கள் மருமகள். ஏழு நாற்பத்தொன்றுக்கு நற்கருணை வாங்கினேன். இன்றைக்கு இவளுக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டு கண்ணை மூடினேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். ஏதோ முழங்காலில் முட்டுகிறதே என்று கண்ணைத் திறந்தால் பெரிய டிரம். நேர் எதிரே மகள். என் முதுகில் யாரோ இடித்தார்கள், திரும்பினால் தலைமையாசிரியை அம்மா, அவரும் கை கூப்பிக் கண் மூடியிருக்கிறார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர், கண்ணாடிக்காரர், வழக்கமான அத்தனை பேரும், மொத்தம் பதினேழு தலை. ஒருவர் நடந்தால் பின்னாலேயே நடந்து பழகிவிட்டோம். பாட்டு நின்று எல்லாரும் மௌனமாக ஜெபிக்கிற நேரம் அது. கோயிலே எங்களைப் பார்த்தது.

"என்னப்பா?" என்றாள் மெதுவாக.

"சும்மாதான்மா."

"கதவத் திறக்கணும்னா இதெல்லாம் நகத்தணும்ப்பா."

"வேணாம்மா. நான் கேக்கத்தான் வந்தேன்."

"இங்க வந்தா?"

"இங்கதான் நல்லாக் கேக்கும்," என்று சொல்லிவிட்டு அங்கிருந்த படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் இருந்தவர்களுக்கும் வேறு வழியில்லை. சாமியார் மைக்கில், "பக்கத்துல போய்க் கேக்க ஆசைப்படுறவங்க அங்கேயே உக்காரலாம்" என்றார். தலைமையாசிரியை அம்மா முந்தானையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நின்றதாக நீங்கள் கேள்விப்பட்டது இதைத்தான்.

பிறகு அறிவிப்புகள் வாசித்தார்கள். இறுதியில் அறிவிப்பு என்று ஒன்று உண்டு என்பதையே நான் மறந்திருந்தேன். மூன்று அறிவிப்பு, அதில் மூன்றாவது, "பக்கக் கதவின் கீலுக்கு மாதந்தோறும் எண்ணெய் போட்டு உதவும் பெயர் தெரியாத அன்பருக்கு நம் நன்றி." வருடக்கணக்காக மாதம் ஒருமுறை இதை வாசிக்கிறார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு இறுதி ஆசி, பிறகு இறுதிப் பாடல். மகள் குச்சி இரண்டையும் ஒன்றோடொன்று நாலு தடவை தட்டினாள், அவ்வளவுதான், பாட்டு கிளம்பிவிட்டது. சத்தம் என்று சொன்னார்களே, சத்தமே இல்லை மச்சான். கீபோர்டும் கித்தாரும் பாடுகிறவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விடாமல் கையைப் பிடித்து அவள் அழைத்துப்போகிற மாதிரி இருந்தது. ஆறு வயதில் எழுதிப் பழகும்போது நாக்கு நுனியை உதட்டோரம் வைத்துக்கொள்வாளே, அதே மாதிரி வைத்திருந்தாள். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் நிஜமாகவே ஒரு இடம் வந்தது, படபடவென்று இறங்கியது. நான் குத்துமதிப்பாகச் சொன்னது அப்படியே இருக்கிறதே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இடத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்தால் பேரவை பார்க்கும் என்று துடைக்கவில்லை. என் மகள் இப்படி வாசிப்பாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றுதான் தோன்றியது.

பழக்க தோஷம், மணி பார்த்தேன். நான் கிளம்புகிற நேரத்திலிருந்து பாட்டு முடிகிறவரை பதினோரு நிமிடம். ஞாயிற்றுக்குப் பதினோரு நிமிடம், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு, இருபத்தெட்டு வருடம். மனக்கணக்காகப் போட்டேன், மொத்தம் பதினோரு நாள் வருகிறது. பதினோரு நாளை மிச்சம் பிடித்து நான் செய்தித்தாளில் ராசிபலன் படித்திருக்கிறேன்.

பூசை உடுப்பு மாற்றும் அறையில் பேரவை கூடியது. "இன்னைக்குத்தான் அளவா இருந்துச்சு ஃபாதர். போன மூணு வாரத்துக்கு இது எவ்வளவோ தேவல" என்றார் தலைமையாசிரியை அம்மா. மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றார் சாமியார். ஒருமனதாகத் தீர்மானம், டிரம்ஸ் நிரந்தரம். அதே மூலையில், என்று சாமியார் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதினேன்.

மகளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பும்போது சிக்னலில் சொல்லிவிட்டேன். "முதல் மூணு வாரமும் நான் இல்லம்மா. உன்கிட்ட பொய் சொன்னேன். அந்த ஸ்கூல் கோப்பையும் நான் பாக்கல" என்றேன். "தெரியும்ப்பா" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன், தோள் மட்டும் குலுங்கியது. ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பச்சை விழுந்துவிட்டது.

இவ்வளவுதான் நடந்தது. டிரம்ஸ் நிலைத்துவிட்டது, மகளும் இப்போதெல்லாம் முழுப் பதிலாகச் சொல்கிறாள், அதற்காக ஆண்டவருக்கு நன்றி. ஆனால் ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அவள் முதல் தடவை வாசித்தபோது நான் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். இனி நூறு வாரம் கேட்டாலும் அது முதல் தடவை ஆகாது. அந்தக் குற்றத்துக்காகவே இனிமேல் மெழுகுவத்தி அணைக்கிறவரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது உங்களுக்கும் என் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன், முழங்காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் எல்லாரும் ஆயுளும் ஆரோக்கியமுமாக, எங்கே போனாலும் கடைசிவரை இருந்துவிட்டு வருகிறவர்களாக வளர ஆண்டவர் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்,
பெரிய முள்

பின்குறிப்பு: உங்கள் தங்கையின் ஞாயிற்றுக்கிழமை இருமலுக்கு அங்கே நல்ல மருந்து ஏதாவது இருந்தால் கொண்டுவரவும். இங்கே மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன், அப்படி ஒரு நோய் கிடையாது என்கிறார்.

மறு பின்குறிப்பு, வேறு கையெழுத்தில்: மாமாவுக்கு. என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்று முகவரி எழுதச் சொல்லி அப்பா உறையைக் கொடுத்தார். ஒட்டவில்லை, அதனால் படித்துவிட்டேன். அம்மா உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதி இது. முதல் மூன்று ஞாயிறும் நான் டிரம்ஸைத் தொடவே இல்லை. பெரிய டிரம்மை அடிக்கிற கால் பெடல் முதல் நாள் காலையிலேயே உடைந்துவிட்டது. அது இல்லாமல் வாசிக்க முடியாது, புதியது வர மூன்று வாரம் ஆனது. சனிக்கிழமை பார்சல் அதுதான். மூன்று வாரமும் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் அதைச் சொல்லி அழத்தான் வீட்டுக்கு வந்தேன். அதற்குள் கூரை அதிர்ந்துவிட்டதாக அப்பா சொல்லிவிட்டார், எனக்கு அழுகை நின்றுவிட்டது. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அவர் சொன்ன இடம் பாட்டில் கிடையாது. அவர் சொன்ன பிறகுதான் நான் சேர்த்தேன். அம்மாவுக்கு இருமல் இல்லை, மருந்து வேண்டாம். பக்கக் கதவால் யார் யார் போகிறார்கள் என்று ஃபாதருக்கு ரொம்ப நாளாகத் தெரிய வேண்டியிருந்தது. வாசிக்காத டிரம்ஸ் காதைக் கிழித்ததாக யார் யார் சொன்னார்களோ, அவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

அதனால் அப்பா எதையும் தவறவிடவில்லை மாமா. நான் கோயிலில் முதல் தடவை வாசித்தபோது அவர் இரண்டடி தள்ளிப் படியில் உட்கார்ந்திருந்தார். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மனம் நிம்மதியாகிவிடும், நிம்மதியாகிவிட்டால் ஏழு நாற்பத்து நாலுக்கு எழுந்துவிடுவார்.